கண்டதும் சொன்னதும்: கம்பம் பள்ளத்தாக்கில் படம் பார்த்தவர் பேச்சு



இந்த மேடையில் எனக்கு முன்பு பேசியவர்கள் சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. டீக்கடையிலும் பஸ்ஸிலும் வயற்காட்டிலும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பிலும் அன்றாடம் நடக்கிற பேச்சு அது. யாரும் அதை எழுதி வைப்பதில்லை. ஆனால் நம் மக்கள் கலையைப் பற்றி யோசிக்கிற இடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஒரு மரபு உண்டு, ஒரு முறை உண்டு. அந்த முறை இன்று எங்கே தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

காட்சிக் காதை

நம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவன்று பளியங்குடி வழியாக நம் ஊர் ஜனம் கூட்டம் கூட்டமாக மலையேறுகிறது. கண்ணகி விண்ணேறிய இடம் அதுதான் என்பது நம் மக்களின் நம்பிக்கை.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில், குன்றக் குரவைக்கு அடுத்து வரும் பகுதிக்குக் காட்சிக் காதை என்று பெயர். சேரன் செங்குட்டுவன் மலைவளம் காணக் குடும்பத்தோடு வந்து பேரியாற்றங்கரையில் தங்குகிறான். குன்றக் குறவர்கள் மலைப்பொருள்களைச் சுமந்துவந்து காணிக்கையாக வைத்துவிட்டு, தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். ஒரு வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்த பெண் ஒருத்தி நின்றாள். வானவர் வந்து அவளை அழைத்துச் சென்றார்கள். அவள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. அருகிலிருந்த சாத்தனார் அவள் யார், மதுரையில் நடந்தது என்ன என்று தாம் அறிந்ததை எடுத்துரைக்கிறார். எல்லாவற்றையும் கேட்ட செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளிடம் ஒன்று கேட்கிறான்: கணவன் இறந்ததும் உடன் உயிர்விட்ட பாண்டிமாதேவி, நீதி கேட்டுச் சினத்தோடு நம் நாட்டுக்கு வந்த கண்ணகி, இந்த இருவரில் வியந்து போற்றத்தக்கவர் யார்? பாண்டிமாதேவிக்கு வானுலக வாழ்வு வாய்க்கட்டும், நம் நாடு தேடி வந்த பத்தினியை நாம் வணங்க வேண்டும் என்கிறாள் வேண்மாள். அந்த ஒரு சொல்லில்தான் இமயத்திலிருந்து கல் கொண்டுவரும் பயணமே தொடங்குகிறது.

அந்தக் காதையில் மூன்று செயல்கள் வரிசையாக நடக்கின்றன. குறவர்கள் கண்டதைச் சொன்னார்கள். சாத்தனார் அறிந்ததை வைத்தார். வேண்மாள் மதிப்பிட்டாள். முதல் இரண்டும் முடிந்த பிறகே மூன்றாவது வந்தது. காலைக் காட்சி, மாலைக் காட்சி, இரவுக் காட்சி என்று நாம் இன்று சினிமாவுக்குச் சொல்வதும் அதே சொல்தான். படம் பார்த்தவர் பேச்சுக்கும் அந்த வரிசைதான் முறை என்பது என் கருத்து. கண்டது, அறிந்தது, மதிப்பது என்ற இந்த மூன்றையும் நம் பள்ளத்தாக்கின் அனுபவத்தில் வைத்துப் பார்ப்போம்.

கண்டது

நான் வளர்ந்தது சின்னமனூர்ப் பக்கம். ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை. தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை என்றால் மணல். முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டி, அதன்மேல் ஏறி உட்காருவோம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே குட்டைச் சுவர். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ரீல் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் விளக்கு எரியும். முறுக்கும் கடலை மிட்டாயும் சோடாவும் கலரும் வரும். அந்தச் சின்னச் சின்ன இடைவேளைகளில்தான் பேச்சு முளைக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். விளக்கு அணைந்ததும் யார் சொன்னது சரி என்று திரை காட்டும்.

இரண்டாம் ஆட்டம் விட்டதும் ஊருக்கு நடை. வயல் வரப்பும் வாய்க்கால் கரையுமாக முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். முதல் கொஞ்ச தூரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர் தொடங்குவார்: "அந்தக் கிணத்தடியில நிக்கிறப்போ பாத்தியா?" இன்னொருவர் தொடர்வார். வீடு வந்து சேரும்போது படம் முழுதும் இன்னொரு முறை ஓடி முடிந்திருக்கும். படத்தைப் பற்றிய கருத்து அந்த நடையில்தான் உருவானது. கால்கள் நடக்க நடக்க மனம் யோசித்தது.

கொட்டகைக்குப் போக முடியாதவர்களுக்கு வேறு வழி இருந்தது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் நம்முடையது. நடவும் களையெடுப்பும் வந்துவிட்டால் பெண்களுக்கு ஓய்வே கிடையாது. முதல் நாள் படம் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, மறுநாள் நாற்று நட்டுக்கொண்டே கதையைச் சொல்வாள். என் அத்தை அதில் கெட்டிக்காரி. எழுத்து வரும் காட்சியிலிருந்து தொடங்குவார். யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள், எந்தக் கையால் கதவைத் தள்ளினார்கள், அழுகை முதலில் கண்ணில் வந்ததா தொண்டையில் வந்ததா என்பதுவரை சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்போது ஒரு வயல் நட்டு முடிந்திருக்கும். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று அச்சடித்திருப்பார்கள். அந்த மீதியைச் சக பெண்களுக்குக் கொடுத்தவர் என் அத்தை.

ஒரு நாளும் அவர் நல்ல படம் என்றோ கெட்ட படம் என்றோ தொடங்கியதில்லை. கண்டதைத்தான் சொன்னார். கதை முடிந்த பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாராவது ஒருத்தி முதுகை நிமிர்த்தி, "ஏத்தா, அவ எதுக்கு மன்னிச்சா? நானாயிருந்தா மன்னிக்க மாட்டேன்" என்பாள். அங்கே தொடங்கும் வழக்கு. படத்தையே பார்க்காத ஒருத்தி அந்த வழக்கில் கலந்துகொள்ள முடிந்ததென்றால், பார்த்தவள் அவ்வளவு நேர்மையாகக் கண்டதைச் சொல்லியிருக்கிறாள் என்று பொருள்.

பேச்சைக் காதால் கேட்டுப் பழகியவர்கள் நம் மக்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப்படத்தின் ஒலியை மட்டும் ஒலிபரப்பிய காலம் உண்டு. 1965இல் வந்த திருவிளையாடலின் வசனமும் 1984இல் வந்த விதி படத்தின் நீதிமன்ற வாதங்களும் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ரேடியோவில் முழங்கின. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். நம் ரசனை வசனத்தின் பக்கமும் பாட்டின் பக்கமும் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சினிமா கண்ணுக்குரிய மொழியில் பேசுகிற கலை, அந்த மொழியை நாம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். கதவைத் தள்ளிய கையைக் கவனித்த என் அத்தைக்கு அந்த மொழி தெரிந்திருந்தது. அதற்கு ஒரு பாடத்திட்டம்தான் இல்லாமல் போயிற்று.

அறிந்தது

1976இல் அன்னக்கிளி வந்தது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் முதல் படம். அடுத்த ஆண்டு, 1977 செப்டம்பரில், அல்லிநகரத்து பாரதிராஜாவின் 16 வயதினிலே வந்தது. வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராததால் தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு அதைத் தாமே வெளியிட வேண்டியிருந்தது. வியாபாரம் தெரிந்தவர்கள் ஓடாது என்று நினைத்த படத்தை ஓட வைத்தது, பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்ன சொல். ஆனந்த விகடன் அந்தப் படத்துக்கு 62½ மதிப்பெண் கொடுத்தது. அந்த இதழின் மிக உயர்ந்த மதிப்பெண்ணாக இன்றும் அது நினைக்கப்படுகிறது.

அந்த மதிப்பெண்ணைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு வந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது ஒரு சம்சாரி சொன்ன சொல். படத்தில் வரும் பேச்சும் நடையும் உட்காருகிற விதமும் அப்படியே நம் ஊர்தான் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தபோது, அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வாய் நம்ம வாய். ஆனா மண்ணு நம்ம மண்ணு இல்லப்பா." பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், படத்தின் பெரும்பகுதி கர்நாடகத்தில் மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுக்கப்பட்டது என்று. உழுத மண்ணை அறிந்த கண் திரையில் கண்ட மண்ணை அளந்திருக்கிறது. அவர் படத்தைக் குறை சொல்லவில்லை. மூன்று தடவை பார்த்தார். தாம் அறிந்ததைப் படத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான்.

இந்த அறிவு நம் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேரிடம் கொட்டிக் கிடக்கிறது. சீனு ராமசாமியின் தென்மேற்குப் பருவக்காற்று 2010இல் வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், சரண்யாவுக்குச் சிறந்த நடிகை விருதும், வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவுக்குப் பாடலாசிரியர் விருதும் அதற்குக் கிடைத்தன. ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தபோது, கிடை போடுவது சரியா, ஆட்டைத் தூக்குகிற பிடி சரியா என்று பார்த்தார்கள். வடபுதுப்பட்டிக்காரரான பாஸ்கர் சக்தியின் கதையிலிருந்து சுசீந்திரன் 2011இல் எடுத்த அழகர்சாமியின் குதிரையைப் பார்த்தவர்கள், தங்கள் ஊர்த் திருவிழா எந்த ஆண்டு எதனால் நின்றது என்பதைப் பேசத் தொடங்கினார்கள். ஒரு படம் நம் நினைவைக் கிளறி நம் கதையைச் சொல்ல வைக்குமானால், அதைவிடப் பெரிய பாராட்டு அதற்கு வேண்டியதில்லை.

2018 ஆகஸ்டில் வந்த மேற்குத் தொடர்ச்சி மலை இந்த வகையில் தனித்து நிற்கிறது. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்து, இளையராஜா இசையமைத்த படம். மலைமேலிருந்து ஏலக்காய் மூட்டையைச் சுமந்து இறக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது ஒரே ஆசை. வாங்குகிறான், கடனில் இழக்கிறான். கடைசியில் அதே மண்ணில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். போடி மெட்டும் கம்பம் மெட்டும் சாக்கலூத்து மெட்டும் நமக்கு வேலைக்குப் போகும் பாதைகள். எத்தனையோ பேர் இன்றும் விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி இடுக்கி மலைக்குப் போய் இருட்டியதும் திரும்புகிறார்கள்.

அந்தப் படத்தை என் அத்தையோடு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வயல்வேலை குறைந்த காலத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போனவர் அவர். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பையன் நடை சரியா இருக்குய்யா. சொமை ஏறிட்டா கண்ணு காலுக்கு முன்னால நாலடியிலதான் நிக்கும். மத்த படத்துலெல்லாம் மூட்டையத் தூக்கிக்கிட்டு மானத்தப் பாத்துப் பாட்டுப் பாடுவாக." நடிப்பைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் இவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியத்தைக் கண்டதில்லை. சுமந்த கழுத்து சொன்ன விமர்சனம் அது.

அறிந்தது என்று நான் சொல்வது உலகப்பட அறிவை மட்டும் குறிப்பதன்று. அதுவும் வேண்டும். 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் திரைப்படச் சங்கம் தொடங்கி, அயல்நாட்டுப் படங்களைப் பார்த்து விவாதித்தார்கள். அந்த விவாதத்தில் பழகிய ராய்தான் 1955இல் பதேர் பாஞ்சாலியைத் தந்தார். 1959இல் நாட்டின் திரைப்படச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பு உருவானது. அங்கே உலகப்படம் அறிந்தவர்கள் பேசினார்கள். இங்கே உழைப்பு அறிந்தவர்கள் பேசுகிறார்கள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசினால்தான் நமக்கு முழுமையான விமர்சனம் கிடைக்கும்.

மதிப்பது

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். மதிப்பிடுவதில் நாம் எங்கெங்கே வழுக்குகிறோம் என்பதை மூன்று இடங்களில் காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, பற்று. இந்த மண் நடிகர்களை நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய மண். 1962இல் இலட்சிய நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனித் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனார். இந்தியாவில் மக்கள் வாக்கால் சட்டமன்ற உறுப்பினரான முதல் நடிகர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஆண்டிபட்டிக்கு வந்து ஒரு வாக்குக்கூடக் கேட்கவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டி அவரை வெல்ல வைத்தது. திரையில் கண்ட முகம் நம் மக்களுக்கு எவ்வளவு நெருக்கமான உறவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரசிகரை இளக்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1980களின் நடுவில் மதுரையில் தங்கி, உழைக்கும் மக்களோடு படம் பார்த்து அவர்கள் பேச்சைப் பதிவுசெய்த சாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். ரசிகர் மன்றத்து இளைஞர்கள் ரத்ததானம் முதலான தொண்டுகளில் எவ்வளவு ஈடுபட்டார்கள், தங்களுக்கு ஒரு மதிப்பை எப்படித் தேடிக்கொண்டார்கள் என்பதை அவர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். ஒரு படத்தைப் பத்துத் தடவை பார்க்கும் ரசிகனின் கண் கூர்மையானது. எந்தக் காட்சியில் சட்டைப் பொத்தான் மாறியிருக்கிறது என்பதுவரை அவனுக்குத் தெரியும். கண்டதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மதிப்பிட வேண்டிய இடத்தில் அவன் நின்றுவிடுகிறான். தன் நாயகனின் படத்தில் ஒரு காட்சி பலவீனம் என்று வாய்விட்டுச் சொல்வது அவனுக்குத் துரோகமாகப் படுகிறது. எதிர் நாயகனின் படத்தில் ஒரு நல்ல காட்சியைக் கண்டால் அதை விழுங்கிக்கொள்கிறான். தம்பிகளே, உங்களை உரிமையோடு கேட்கிறேன்: நீங்கள் நேசிக்கும் நடிகருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உயர்ந்த மரியாதை உண்மையைச் சொல்வதுதான். பாலாபிஷேகம் கட்அவுட்டுக்குப் போய்ச் சேரும். உண்மை அந்தக் கலைஞருக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது, காணாமல் சொல்வது. 2011 நவம்பரில் டேம் 999 என்ற படம் வந்தது. 1975இல் சீனாவில் உடைந்த அணையை நினைவில் வைத்து எடுத்ததாக இயக்குநர் தரப்பு சொன்னது. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பீதி பரப்பப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தமிழ்நாடு அரசு படத்துக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே நம் பள்ளத்தாக்கு கொந்தளித்து, ஆயிரக்கணக்கானோர் கேரள எல்லையான குமுளியை நோக்கி நடந்தார்கள். 1895இல் பென்னி குவிக் கட்டிமுடித்த அந்த அணைதான் நமக்குச் சோறு. பென்னி குவிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்து, பொங்கல் வைத்துக் கும்பிடும் மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தில் நானும் பங்குகொண்டவன். ஆனால் அப்போது அந்தப் படத்தில் இன்ன காட்சி இருக்கிறது என்று ஆளாளுக்கு விவரித்தார்கள். பார்த்தவர் ஒருவரும் அங்கே இல்லை. அணையைக் காக்கும் போராட்டம் வேறு, படத்தைப் பற்றிய சாட்சியம் வேறு. காணாததைக் கண்டதாகச் சொன்னால் நம் நியாயத்துக்கே பலம் குறைந்துபோகும்.

2025 மார்ச்சில் மோகன்லால் நடித்த எம்புரான் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. படம் இங்கேயும் ஓடியது. அணையைப் பற்றி வரும் வசனங்களைச் சுட்டி நம் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்ன இடத்தில் இன்ன வசனம் என்று சொல்லும்போது எதிர்ப்பவருக்கும் வலு வருகிறது, மறுமொழி சொல்ல வேண்டியவருக்கும் கடமை வருகிறது.

மூன்றாவது, அவசரம். இன்று முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர் வாயருகே மைக் நீட்டப்படுகிறது. "படம் எப்படி?" அவரிடம் இருப்பது அரை நிமிடம். செம, மொக்கை, வேற லெவல், ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் இழுவை. இந்தச் சொற்கள் மீது எனக்கு வெறுப்பில்லை. இளமையின் துள்ளல் அவற்றில் இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே தீர்ப்புகள். கண்டது ஒன்றும் இவற்றில் இல்லை. முக்கால் மணி நேர நடையில் நடந்துகொண்டிருந்த வேலையை அரை நிமிடத்தில் செய்யச் சொல்கிறோம். இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் படம் ஓடும், ஓடாது என்பது விநியோகஸ்தர் பேச்சு. இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட எத்தனை கோடி வசூல் என்று ஒப்பிக்கிறது. அந்தக் கோடியில் ஒரு ரூபாய் அவனுக்கு வராது. அவனுக்குரிய சொத்து அந்தப் படத்தில் அவன் கண்ட காட்சி. அதை விட்டுவிட்டு அடுத்தவர் கணக்கைச் சுமக்கிறான்.

2024இல் சில பெரிய படங்கள் முதல் நாளிலேயே கடுமையான விமர்சனத்தில் அடிபட்டன. வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் அமைப்பு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. விமர்சிப்பது கருத்துரிமை என்றது. அது சரியான முடிவு. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயைப் பூட்டச் சட்டத்துக்கு வேலையில்லை. பல ஆண்டு உழைப்பை அரை நிமிடத்தில் உதறிவிடுகிறார்களே என்ற தயாரிப்பாளரின் வேதனையும் எனக்குப் புரிகிறது. அதற்கான மருந்து நீதிமன்றத்தில் கிடைக்காது. பார்க்கிறவர்களாகிய நம் பழக்கத்தில்தான் இருக்கிறது.

பொறுமையான பேச்சுக்கு இன்றும் வலிமை உண்டு. 2024 பிப்ரவரியில் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வந்தது. பெரியகுளத்தில் நின்று அண்ணாந்தால் தெரிகிற கொடைக்கானல் மலையில், குணா குகையின் பள்ளத்தில் விழுந்த நண்பனை மற்ற நண்பர்கள் மீட்ட உண்மைச் சம்பவம். தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. ஒருவர் பார்த்து இன்னொருவரிடம் சொல்லி, அவர் தம் வீட்டாரை அழைத்துப் போய், இப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. 1991இல் குணா படத்துக்காகப் பண்ணைப்புரத்துக்காரர் அமைத்த மெட்டு, முப்பது ஆண்டு கழித்துக் கேரளத்து இளைஞர்களின் நட்புக்குக் குரலாக அந்தப் படத்தில் எழும்போது, அரங்கம் எழுந்து நின்றதை நான் கண்டேன். எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் தன் மகனிடம் மெல்லச் சொன்னார்: "கயிறப் புடிச்சிருக்கிறவன் கையப் பாரு." அணை நீருக்காக வழக்காடும் இரண்டு மாநிலங்களின் எல்லையில் வாழ்கிற நமக்கு, மலைக்கு அந்தப்புறத்துப் பிள்ளைகளுக்காக அழ முடிந்தது. நல்ல பேச்சு ஒரு படத்தை மெட்டைத் தாண்டி இந்தப்புறம் கொண்டுவந்து சேர்த்தது.

செய்யக்கூடியது

பேச்சோடு நின்றுவிடாமல் மூன்று வேண்டுகோள்களை இந்த அவைமுன் வைக்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, அவற்றைப் பற்றி மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைக்கும் திட்டம் நடக்கிறது. ஆசிரியர்களே, படத்தின் நீதி என்ன என்று முதலில் கேட்காதீர்கள். எந்தக் காட்சி கண்ணில் நிற்கிறது என்று கேளுங்கள். ஒரு பிள்ளை சிவப்பு பலூன் என்று சொல்லும், இன்னொன்று ஒரு கிழவியின் கை என்று சொல்லும். அங்கிருந்து தொடங்கினால் நீதிக்கும் போய்ச் சேரலாம்.

இரண்டாவது, கல்லூரி மாணவர்களுக்கு. உங்கள் வீட்டுப் பாட்டிகளிடம் போய் உட்காருங்கள். டூரிங் கொட்டகையில் பார்த்த ஒரு படத்தின் கதையைச் சொல்லச் சொல்லி, உங்கள் போனில் பதிவுசெய்யுங்கள். படத்தின் கதை எங்கும் கிடைக்கும். அதை அவர் சொல்கிற விதம் அவரோடு போய்விடும். பாரதிராஜாவையும் இளையராஜாவையும் வைரமுத்துவையும் தந்த மாவட்டம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அவர்களுக்கு முன்பே கதை சொல்லிக்கொண்டிருந்த நடவுக்காரப் பெண்களின் குரலும் அந்தப் பெருமையில் சேர வேண்டும்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். கேள்வியை மாற்றுவோம். படம் எப்படி என்று கேட்டால் தீர்ப்புத்தான் பதிலாக வரும். படத்தில் என்ன கண்டாய் என்று கேட்போம். இந்தக் கேள்வியைக் கேட்டால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் கண்ணை மூடி யோசிப்பார். பிறகு அவர் சொல்வது அவருடைய சொல்லாக இருக்கும். வேங்கை மரத்தடியில் ஒரு பெண்ணைக் கண்டோம் என்று குறவர்கள் சொன்னார்கள். கண்டது அவ்வளவுதான், மற்றது எங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார்கள். அந்த நேர்மையின் மேல்தான் சாத்தனார் தம் அறிவை வைத்தார், வேண்மாள் தன் மதிப்பை வைத்தாள், இளங்கோ ஒரு காப்பியத்தையே வைத்தார்.

என் அத்தைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. டிவியில் உருவம் சரியாகத் தெரிவதில்லை. போன வாரம் நான் ஒரு புதுப்படம் பார்த்துவிட்டுப் போனபோது கட்டிலருகே உட்கார வைத்து, "சொல்லுய்யா, எழுத்து போடுறதுலருந்து சொல்லு" என்றார். ஒன்றரை மணி நேரம் சொன்னேன். கதவை எந்தக் கையால் தள்ளினாள் என்று நடுவில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு மறுபடியும் அந்தப் படத்துக்குப் போகிறேன்.